இடது தோள்

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அம்மா வீட்டுக்குப் போனபின் இங்கே யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

அண்ணன் பதக்கம் வாங்கியபோது போட்டிருந்த கோட்டு ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு அதிகாரி அதையும் ஒரு பொம்மையையும் எங்கள் தையல் கடைக்கே கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தால் இடது தோள் தூக்கிக்கொண்டு நின்றது.

"கோணலா இருக்கேம்மா. உள்ள இருக்கிற பஞ்சைப் பிரிச்சு எடுத்துடு," என்றார் அவர்.

பள்ளியை விட்டு இந்தக் கடையில் சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் பஞ்சுதான். தன் இடது தோள் தாழ்ந்திருப்பது வெளியே தெரியக்கூடாது என்றார் அண்ணன். "ஊமைக்கோட்டான், யார்கிட்டயாவது சொன்னே, சுட்டுடுவேன்!" என்று மிரட்டினார். நீங்கள்தான், "சுடறதுக்கு முன்னாடி நேரா நில்லுங்க, கேப்டன் சார்!" என்றீர்கள். எப்படிச் சிரித்தோம்! அதன்பிறகுதான் அவரைக் கடல் தாண்டிப் போருக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

கத்திரியை எடுத்தேன். கை வரவில்லை.

"கோட்டு சரியாத்தான் இருக்கு சார். பொம்மையோட தோளைச் செதுக்கிக் குறைங்க," என்றேன். நானா பேசினேன்!

"ஏன், அவருக்கு அப்படியா?" என்று கேட்டார். நான் மறுபடி ஊமையாகிவிட்டேன்.

குறைத்துவிட்டார்கள், அண்ணி. கோட்டு இப்போது நேராக நிற்கிறது. உள்ளே அந்தத் தோள் தாழ்ந்திருக்கும் அளவு சரிதானா என்று உங்களால்தான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை பார்வைக்குத் திறக்கிறார்கள். நான் அருங்காட்சியக வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்