கொக்கின் காலில் உருளைக்கிழங்கு

ஜூன் 3
வரலாற்று வகுப்பில் என் தோழி ருஸ்னே மறுபடி தூங்கினாள், கையில் கூழாங்கல்லோடு. எங்கள் கெர்வைனே ஊர்ச் சின்னத்துக் கொக்கிடம் கற்ற வித்தை அது. கொக்கு ஒரு காலைத் தூக்கிக் கல்லைப் பிடித்திருக்கும். கண் சொக்கினால் கல் விழும், முழிப்பு வரும். நான் மெதுவாகக் கல்லை உருவிவிட்டேன். அப்புறம் விழ என்ன இருக்கிறது? குறட்டைதான், ஸெனோனா டீச்சர் காதில்.

"கொக்குன்னு நெனச்சேன், மக்கு சொக்கிக் கெடக்கு!" என்றேன். வகுப்பே சிரித்தது.

"ரெண்டு பேரும் ஊர்ச் சின்னத்துக்கு என்ன அர்த்தம்னு எழுதிட்டு வாங்க. சிரிச்சது போதும்."

ஜூன் 4
நான் எழுதியது: அது கல் அல்ல, உருளைக்கிழங்கு. கெர்வைனே மக்கள் தூக்கத்திலும் சோற்றை விடமாட்டார்கள் என்று பொருள்.

மூன்றாம் வகுப்பில் நிஜமாகவே அப்படித்தான் நம்பினோம். ருஸ்னே என் தோளில் ஏறி, ஊர் எல்லைப் பலகையில் இருந்த சின்னத்தின் உருளைக்கிழங்குமேல் புளித்த பாலாடை பூசினாள். வெறும் கிழங்கைக் கொக்கு எப்படித் தின்னும், பாவம்! மழை வரும்வரை ஊரே பார்த்துச் சிரித்தது.

அவள் இப்போது எழுதியது வேறு. கல் கொக்குக்காக இல்லையாம். சுற்றிலும் மற்ற கொக்குகள் தூங்குமாம். அவை நிம்மதியாகத் தூங்கத்தான் இது ஒன்று விழித்திருக்குமாம்.

"அப்ப மத்த கொக்கையெல்லாம் சின்னத்துல ஏன் வரையல?" என்றேன்.

"தூங்குறது நாமதான்டி."

ஜூன் 9
நார்வேயில் மீன் தொழிற்சாலையில் இருக்கும் அவள் அம்மா வீடு பார்த்துவிட்டாராம். பள்ளி முடிந்ததும் போகிறாள். அந்தக் கவலையில்தான் இரவெல்லாம் முழிப்பு, பகலில் தூக்கம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா ஜோக்கடிப்ப, கிலே."

அடித்தேன்தான். "மீன் ஊருதானே, கொக்குக்கு நல்ல இடம்."

சிரிக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 14
எங்கள் வீட்டில் தங்கிப் படியேன் என்று கேட்டுவிட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"அம்மா அங்க தனியா இருக்காடி."

ஜூன் 20
பேருந்து கிளம்பும்போது கூழாங்கல்லை என் கையில் திணித்தாள். "நீ திருடின பொருள். நீயே வச்சுக்க."

ஜூன் 23
மத்தியானம் ருஸ்னே போன் பண்ணினாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். போனதிலிருந்து சரியாகத் தூங்கவே இல்லையாம். "சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுதுடி."

"போனை வைக்காம படு. கல்லு என் கையில இருக்கு. தூங்கு, மக்கு."

கொஞ்ச நேரத்தில் அதே குறட்டை.

நாளை யோவான் திருநாள். எல்லோரும் ஏரிக்கரைக்குப் பூமாலை கட்டப் போகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்கள். கையசைத்துப் போகச் சொன்னேன்.

இப்போது ஒரு கத்துக் கத்தினால் கட்டிலிலிருந்து உருண்டுவிடுவாள். இப்படியொரு வாய்ப்பு இனி எனக்கு வருமா?

கல்லை இடக்கையில் வைத்துக்கொண்டு, பேனா கீறும் சத்தம் கேட்காமல் இதை எழுதுகிறேன்.