புறா வேண்டாம்

என் அன்பே,

பெண் பிறந்திருக்கிறாள். நீ பிராகிலிருந்து எழுதி அனுப்பிய புறாப் பெயரை வைக்கவில்லை. கோபப்படாமல் படி.

பிரசவம் பார்த்த ஸ்தானோய்கா அத்தையிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "புறாவா? பிள்ளை தின்னுற சூனியக்காரிக்கு நீயே சமைச்சு வச்ச மாதிரி இருக்கும்டி" என்றாள். பிறகு அந்தச் சூனியக்காரி பயந்து ஓடட்டும் என்று வாசலில் போய் நின்று மலை அதிரக் கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க, ஓநாய் குட்டி போட்டிருக்கு."

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மிலோயே, "பல்லு மொளைச்சிருச்சா?" என்று கேட்டான்.

"கிட்ட வந்து பாரு" என்றாள் அத்தை.

ஆகவே உன் மகள் வுகோசாவா. ஓநாய்ப் பெண்.

உங்கள் செக் மொழியில் அகோரப் பசிக்காரனைத்தான் ஓநாய் என்பீர்கள். எங்கள் செர்பியர்களுக்கோ அது சாவே அஞ்சுகிற பிராணி. அக்கா தங்கை போன்ற மொழிகள், ஒரே விலங்கு, எப்படி இப்படிப் பிரிந்துபோனது? மனைவியை வண்டு என்று கொஞ்சுகிற ஊர்க்காரன் நீதான் விளக்க வேண்டும். முதல் தடவை நீ அப்படிக் கூப்பிட்டபோது இரண்டு நாள் நான் பேசவில்லை, நினைவிருக்கிறதா? இவள் பால் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் உங்கள் அர்த்தமும் சரி என்றே படுகிறது.

ஏன் இவ்வளவு தாமதமாக எழுதுகிறாய் என்று கேட்பாய். இன்று பதினோராவது நாள். ஒன்பது தாண்டட்டும் என்றிருந்தேன். முன்பு இரண்டு முறையும் அதற்குமேல் நாள் எண்ண நமக்கு வாய்க்கவில்லை.

பரணில் ஏற்றிய தொட்டிலை இறக்கித் துடைத்து வை.

உன் வண்டு