ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர்

2 ஏப்ரல் 2025, புதன்

பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ். "அன்புள்ள சுவிசேஷமுத்து, உங்கள் கார் இன்சூரன்ஸ் ஏப்ரல் 30ஆம் தேதி முடிகிறது."

வருகிற ஜூனோடு என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். எங்களுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை உறையில்கூட இப்போது என் பெயரைத்தான் எழுதுகிறார்கள். இந்த மெசேஜ் மட்டும்தான் வருஷம் தவறாமல் அவரைத் தேடி வருகிறது. போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும் லிங்க்கைத் தொட்டு, பணத்தைக் கட்டி, மூடி வைத்துவிட்டேன். திரையில் 'நன்றி, சுவிசேஷமுத்து' என்று வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனை வைப்பேன்.

இந்தத் தடவை அப்படி முடியாது. என் பிள்ளைகளில் லோயிஸுக்குப் பத்தொன்பது, தபித்தாளுக்குப் பதினெட்டு. பெரியவள் நவம்பரிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சின்னவளுக்குப் போன வாரம் வந்தது. இரண்டு பேருக்கும் கண் அந்தப் பழைய ஆல்டோ மேல்தான். யாரையாவது கேட்க வேண்டும்.

5 ஏப்ரல், சனி

இன்சூரன்ஸ் ஏஜென்ட் தங்கவேலு வீட்டுக்கு வந்தார். குன்னூரில் இருபது வருஷமாக இதே வேலை. நல்ல மனிதர் என்று ஸ்கூலில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன் — வண்டி பழசு, இருப்பதிலேயே குறைந்தது போதும், பிள்ளைகள் இருவரும் ஓட்டுவார்கள்.

"பாப்பாங்க ஓட்டறது பிரச்சினை இல்லீங்க அக்கா. நம்ம நாட்டுல இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். லைசென்ஸ் இருக்கிற யாரும் ஓட்டலாம். ஆர்.சி. புக்கைக் கொஞ்சம் காட்டுங்க."

கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். திரும்பப் புத்தகத்தைப் பார்த்தார்.

"அண்ணன் பேர்லயேதான் இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"மூணு வருஷமா?"

டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். இறந்தவர் பெயரில் பாலிசி ஓடினால், ஏதாவது ஆகும்போது க்ளெய்ம் நிற்காதாம். நம் வண்டிக்கு அடி என்றால் போகட்டும். எதிரில் வருகிறவருக்கு ஏதாவது ஆகி, கேஸ் என்று போனால்? "அப்ப என்ன ஆகும்னு என்னாலயே சொல்ல முடியலீங்க. வாரிசு பேருக்கு மாத்திட்டு, அந்தப் பேர்ல பாலிசி எடுங்க. முப்பதாம் தேதிக்குள்ள ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துருங்க. அதுவரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம்."

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பீரோவில்தான் இருக்கின்றன. பி.எஃப். வாங்கியபோது எடுத்தவை. ஒரு மணி நேர வேலை. மூன்று வருஷமாகச் செய்யவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்துவிட்டது என்று பொய் சொல்லியிருப்பேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

கோயிலுக்கு நடந்தே போனோம். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது.

திரும்பி வரும்போது அந்த முதல் ஞாயிறு நினைவுக்கு வந்தது. 2013. வெலிங்டனில் இருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடம் இந்த வண்டியை வாங்கினார். அப்போது அவர் தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். எங்களுக்கு எஸ்டேட் குவார்ட்டர்ஸ். பிள்ளைகளுக்கு ஏழும் ஆறும். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக கிளென்மார்கனுக்கு விட்டார். பாதி வழியில் மேகம் இறங்கி, முன்னால் ஒரு முழம்கூடத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "ரெண்டு பேரும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டுங்க. மேகத்தைத் தொட்டவங்க உங்க கிளாஸ்ல வேற யாரு இருக்கா?" என்றார். தபித்தாள் கையை மூடி உள்ளே கொண்டுவந்து எனக்குத் திறந்து காட்டினாள். வெறும் ஈரம். நான் பையில் இருந்த வர்க்கி பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வீடு மாதிரி இருந்தது அந்த வண்டி. அவர் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னபோது இது ஒன்றுதான் கூட வந்தது.

9 ஏப்ரல், புதன்

லோயிஸ் கேட்டாள். "அம்மா, யார் பேருக்கு மாத்தப் போறீங்க?"

என் பேருக்குத்தான் என்றேன். வேறு யார் பேருக்கு?

தங்கவேலு போனில் சொன்னது அவளுக்கும் தெரியும். சொந்தக்காரர் ஓட்டும்போது உயிருக்கோ கை காலுக்கோ ஆபத்து வந்தால் ஒரு பெரிய தொகை உண்டு. ஆனால் அந்தச் சொந்தக்காரருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். எனக்கு இல்லை. பிள்ளைகளின் அப்பா ஒரே ஒரு நாள் எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். நான்கு தடவை இன்ஜின் நின்றது. ஐந்தாவது தடவை நான் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் வண்டியில் பின்னாலேயே மெல்ல வந்து, "ஏனுங்க, லிஃப்ட் வேணுங்களா?" என்றார். சிரித்துவிட்டேன். அதோடு முடிந்தது.

"உங்க பேர்லயே போடுங்கம்மா. எனக்கு வேண்டாம்," என்றாள் லோயிஸ். பெருந்தன்மையாகச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, தெரியவில்லை.

12 ஏப்ரல், சனி

மனோகரன் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பந்தலூர்க்காரர். சனிக்கிழமைதோறும் வந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போவார். வண்டியை எடுக்கக் கூடாதாம் என்றேன். "ஸ்டார்ட் பண்றதுக்கு யாரு தங்கச்சி கேஸ் போடப் போறான்?" என்று சிரித்தார்.

ஃபேக்டரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சாய்ந்த நாளுக்குப் பிறகு, வண்டி இரண்டு வாரம் அங்கே ஷெட்டில் நின்றது. அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது இந்த அண்ணன்தான். குள்ளமான மனிதர். அவருடைய நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்த சீட்டை இவர் முன்னால் இழுக்கவே இல்லை. விளிம்பில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி எட்டு கிலோமீட்டர் வந்தார்.  

டிசம்பரில் லோயிஸ் முதல் நாள் உட்கார்ந்ததும் அந்த சீட்டை 'டக்' என்று இழுத்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பாவம், அவளுக்குக் கால் எட்டவில்லை. வேறென்ன செய்வாள்?

16 ஏப்ரல், புதன்

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. 

சாயங்காலம் நல்ல மழை. சீசன் கூட்டம் வேறு. ஊட்டியில் காலேஜ் முடிந்த லோயிஸ் ஏறிய பஸ் கேத்தி பிரிவுக்கிட்ட நின்றுவிட்டதாம். தபித்தாளுக்கு போன் பண்ணியிருக்கிறாள். நான் ஸ்கூலில் இருந்தேன். சாவி அலமாரியில், துணிகளுக்குக் கீழே. அவளுக்குத் தெரியாதா என்ன? வண்டியை எடுத்துக்கொண்டு அக்காவைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டாள்.

வளைவில் காட்டுமாடு. ரோட்டின் குறுக்கே கன்றோடு நின்றதாம். பிரேக்கை மிதித்தவள் இடதுபக்கம் ஒடித்திருக்கிறாள். வண்டி ஓடையில் இறங்கிவிட்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த வெளியூர்க்காரர் தடுமாறி மனைவியோடு விழுந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவ்வளவுதான் — கர்த்தாவே, அவ்வளவுதான்.

கேரட் லாரிக்காரர் வேலன் என்று ஒருவர், ஆட்களை இறக்கி வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு எனக்கு போன் பண்ணினார். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. பயந்துபோய் நிக்குது. நீங்க பதறாம வாங்க." ஆட்டோ பிடித்துப் போனேன். தபித்தாள் மழையில் நனைந்துகொண்டு காரின் மேல் கை வைத்தபடி நின்றாள். நான் அவளை அடித்தேன். பதினெட்டு வயசுப் பெண்ணை, நடு ரோட்டில். அப்புறம் கட்டிக்கொண்டேன்.

17 ஏப்ரல், வியாழன்

காலையில்தான் தபித்தாள் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த அங்கிள் எழுந்து வந்து இன்சூரன்ஸ் இருக்கானு கேட்டாரும்மா. இருக்குன்னேன். யார் பேர்லன்னார். அப்பா பேர்லன்னேன்."

"சரி."

"உங்க அப்பாவுக்கு போன் போடுன்னார்."

அதோடு எழுந்து குளிக்கப் போய்விட்டாள். 

அந்த மழையில், முன்பின் தெரியாத ஆள் முன்னால், என் பிள்ளை என்ன பதில் சொன்னாளோ. அந்தப் பெயரை அந்தப் புத்தகத்தில் விட்டுவைத்தது நான். எனக்காக வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்க எனக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நின்றிருக்கிறாள்.

அந்த அம்மாவின் கை அதற்குமேல் அடிபட்டிருந்தால்? அவர்கள் கேஸ் கொடுத்திருந்தால்?

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. முடிவு செய்துவிட்டேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

லீவ் போட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனோம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசை வாசல் வரைக்கும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "யார் பேருக்குங்க?" என்றாள்.

"மூத்த மகள் பேருக்கு."

லோயிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். வழியில்கூட நான் சொல்லவில்லை. "அம்மா, நீங்கதானே..."

"லைசென்ஸ் இருக்கறவங்க பேர்ல இருந்தாத்தான் உனக்கு அந்தப் பாதுகாப்பு வரும். எனக்கு பேரை வச்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது?"

மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் தபித்தாளும் கையெழுத்துப் போட வேண்டும். தபித்தாள் சட்டென்று போட்டாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். போட்டுவிட்டேன்.

வெளியே வந்து சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அவர் இருந்தால் நாலு தட்டு வாங்கியிருப்பார். மூன்று பேருக்கு வாங்கிய இரண்டு தட்டிலேயே மிச்சம் விழுந்துவிட்டது.

30 ஏப்ரல், புதன்

பழைய பாலிசி இன்றோடு முடிந்தது.

14 மே, புதன்

புது ஆர்.சி.யைத் தபால்காரர் கொண்டுவந்தார். உரிமையாளர்: லோயிஸ். த/பெ: சுவிசேஷமுத்து. அந்த இரண்டாவது வரியை நான் எதிர்பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

17 மே, சனி

தங்கவேலு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். நசுங்கிய கதவை மனோகரன் அண்ணன் தெரிந்தவரிடம் விட்டுத் தட்டி எடுத்திருந்தார். பெயின்ட் கொஞ்சம் வேறு நிறம்.

"முதல்ல இருக்கிறதுலயே குறைஞ்சது போதும்னு சொன்னீங்க," என்றார்.

"அப்ப சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளைங்கன்னா எதைப் போடுவீங்க?"

யோசித்தார். "வண்டிக்கு விலை கம்மிதானுங்க. ஆனா நம்ம ஊர்ல மரம் விழுது, மண் சரியுது, மாடு குறுக்கே வருது. ரெண்டும் புதுசா ஓட்டற கை. ரெண்டு வருஷத்துக்கு ஃபுல் கவர் போடலாம். உள்ளே உக்கார்றவங்களுக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம். அப்புறம் கை பழகின பின்னாடி குறைச்சுக்குங்க."

அதையே எடுத்தோம். விண்ணப்பத்தில் லோயிஸ் கையெழுத்துப் போட்டாள். வாரிசாக யாரைப் போடுவது என்று அவர் கேட்க, என்னைப் பார்க்காமலே என் பெயரைச் சொன்னாள். அது என்ன கேள்வி, அது என்ன பதில் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பெற்ற வயிறு.

மெசேஜ் இனி அவள் போனுக்குத்தான் வரும்.

7 ஜூன், சனி

தபித்தாளைக் கோவையில் காலேஜில் சேர்க்க மூவரும் காரில் போய் வந்தோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இறக்கம் முழுக்க லோயிஸ், மேட்டுப்பாளையத்துக்கு அப்புறம் தபித்தாள் என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள்.

காட்டேரி பார்க் தாண்டியது நினைவிருக்கிறது. தேயிலைக்கு மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. லோயிஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாள். அதற்கப்புறம் பலாப்பழ வாசனைதான். பழக்கடைகள் இருக்கும் பர்லியார் வந்துவிட்டது போல. வண்டி நின்றிருந்தது. தபித்தாள் எதையோ சொல்லிச் சிரித்தாள்.

"மெதுவா பேசுடி," என்றாள் லோயிஸ். "அம்மா தூங்குறாங்க."

நான் கண்ணைத் திறக்கவில்லை.