எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலுக்குப் போனது

பிப்ரவரி 7, சனி

காலையில் பனி. பத்து மணிக்குள் வெயில் சுள்ளென்று. துணி காய்ந்துவிட்டது. பெட்டி பாதிதான் அடுக்கியிருக்கிறது.

மு. போனில் பேசினார். போர்ட் பிளேரில் குடும்பக் குவார்ட்டர்ஸ் எங்களுக்கு ஒதுக்கியாயிற்றாம். கல்யாணமானதிலிருந்து அவர் ராணுவத்தோடு, நான் தென்காசியில் அவருடைய அம்மா அப்பாவோடு. மகள் மகிழ் பிறந்தபோதுகூட அவர் பனிமலையில். இப்போதுதான் எங்களுக்கென்று ஒரு வீடு.

"வந்து பாரு. பிடிச்சிருந்தா ஜூன்ல வந்துருங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' மத்தியானம் வரை காதிலேயே நின்றது.

மகிழ் முதலில் உங்களிடம் ஒட்டட்டும், அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

பொய்யில்லை. போன லீவில் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "வாங்க மாமா, உக்காருங்க" என்றாள். மூன்று வயதுப் பிள்ளை. வீட்டுக்கு வருகிற இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்கிற அதே வார்த்தை. எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனவர் இறங்கி வர வெகுநேரம். அந்த லீவு முழுக்க அவர் அவளைத் தூக்கியது அவள் தூங்கிய பிறகுதான்.

இப்போது அங்கே தீவுகளுக்குப் போக ஸ்பீடு போட்டில் இடம் பிடித்துவைத்திருக்கிறார். விடியும் முன்னே கிளம்பணும். கண்ணாடி மாட்டி, வாயில் குழாயை வைத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால் மீன் தெரியுமாம். போனில் தேடிப் பார்த்தேன். ஜெல்லி மீன். கவிழ்ந்த படகு. மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

வாங்க: வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., மகிழுக்குத் தொப்பி, பிஸ்கட், கொசு மருந்து. ஊருக்கு ஊர் கொசு வேறு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகிழுக்குத் தண்ணீர் பழகட்டும் என்று குற்றாலம் ஐந்தருவிக்கு. அத்தையும் வந்தார்கள். கூட்டமே இல்லை, தண்ணீரும்தான். ஐந்தில் மூன்று விழுகிறது, அதுவும் நூல் நூலாக. எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி பெஞ்சில் தானே படுத்துத் தூங்குகிறார். சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு கொண்டுபோயிற்று. மகிழ் அழுதது அதற்கு மட்டும். தண்ணீருக்கு அழவில்லை, ஆனால் என் சேலையை விடவும் இல்லை.

அத்தை: "ஏ பிள்ள, உப்புத்தண்ணி மேலுக்கு ஆவாது. ரெண்டு பேரும் நல்லா எண்ணெய தேச்சிட்டு எறங்குங்க. இந்தத் தண்ணிக்கே தேய்க்கோம், கடலுக்குத் தேய்க்காண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. நல்லெண்ணெய் ஒரு பாட்டில் பெட்டிக்குள் போனது, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி.

பிப்ரவரி 11, புதன்

சென்னை. ரயிலில் மகிழ் தூங்கினாள், நான் இல்லை. விமானம் ஏறும்போது காது அடைத்து அழுதாள். பக்கத்து சீட் அம்மா மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கலாமா என்று யோசித்துவிட்டு வாங்கினேன். பாவம், நல்ல அம்மா.

மதியம் போர்ட் பிளேர். நம் ஆடி மாதம் மாதிரி பிசுபிசுப்பு. மு. கறுத்து, இளைத்து. கையில் பொம்மை. மகிழ் என் கழுத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "வணக்கம் மாமா."

பொம்மையை என் கையில்தான் கொடுத்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

விருந்தினர் அறையில் இருக்கிறோம். குவார்ட்டர்ஸ் நடக்கிற தூரம்தானாம். பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டார். பிள்ளைக்கு அலுப்பு, நாளைக்கு என்றேன். நாளைக்குப் படகு, அதற்கு மறுநாள் என்றேன்.

எனக்கு நானே எழுதிக்கொள்வதுதானே, எழுதிவிடுகிறேன். மகிழ் ஒட்டாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. தென்காசியில் இருமல் வந்தால் எந்த டாக்டர், எந்தக் கடையில் பால் கெடாது, யார் வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். அத்தை இருக்கிறார்கள். இங்கே அவர் டியூட்டிக்குப் போய்விட்டால் நானும் இவளும் சுற்றிலும் கடலும். பயம் எனக்கு. சாக்கு மட்டும் பிள்ளை பேரில்.

சாப்பாடு ஊட்ட அவர் கிண்ணத்தை எடுத்தார். இவள் வாயை மூடிக்கொண்டாள். "அம்மா தரட்டும், நீங்க போங்க மாமா." மரியாதை மட்டும் குறையவே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இருட்டோடு எழுந்தேன். வெள்ளிக்கிழமை வேறு, எண்ணெய்க்குத் தோதான நாள். அத்தை சொன்னபடி எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை. மகிழுக்கு இன்னும் தாராளம். தூக்கத்திலேயே வழுவழுவென்று நின்றாள். மு. பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார்.

படகுத்துறையில் குளிர்காற்று. இருபது பேர் போலப் படகில். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். கைடு பெயர் செல்வம், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், வாய் ஓயாது. படகு கிளம்பியதும் வயிறு மேலே, நெஞ்சு கீழே. அலை மேல் டமால் டமால் என்று விழுகிறது. ஒரு கையில் மகிழ், ஒரு கையில் கம்பி. மு. பக்கத்தில் கையை நீட்டியபடியே வந்தார், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல். கிழக்கே வெளுத்து, பிறகு சிவந்தது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் மகிழின் ஜாக்கெட் பட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

முதல் தீவு. மணல் வெள்ளை, மாவு மாதிரி. கண்ணாடி மாஸ்க்கை மாட்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். குபுகுபுவென்று உள்ளே தண்ணீர். இறுக்கினார்கள். மறுபடியும். மூக்கு எரிகிறது. மூன்றாவது தடவை செல்வம் என் கன்னத்து ஓரத்தை விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"எந்த ஊருக்கா?"

தென்காசி என்றேன்.

"குத்தாலமா? அதான பாத்தேன். எண்ணெயில மாஸ்க் எப்படிக்கா நிக்கும்? மீனப் பாக்க வந்தீங்களா, பொரிக்க வந்தீங்களா?"

படகு முழுக்கச் சிரிப்பு. மு.கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எண்ணெய் பவளப்பாறைக்கும் ஆகாதாம். ஷாம்பூ போட்டுக் கழுவாமல் இறங்கக் கூடாது என்று ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, கரையில் இருந்த குழாயைக் காட்டினார்.

மகிழுக்கு ஜாக்கெட் கழுத்தை அறுக்கிறது என்று ஒரே அழுகை. கழற்றினேன். நான்தான் கழற்றினேன். பிடிச்சுக்கோங்க என்று அவரிடம் கொடுத்துவிட்டுக் குழாய்க்குப் போனேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் என்னை நோக்கித் திமிறினாள்.

தலையில் நுரையோடு திரும்பிப் பார்க்கிறேன். அவர் இரண்டு கையும் வெறுமனே இருக்கிறது. பிள்ளை இல்லை.

ஒரு கண்சிமிட்டல்தான் இருக்கும். கவுனைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருமினாள், துப்பினாள், பிறகு அலறினாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒரு பிள்ளையப் பிடிக்கத் தெரியல உங்களுக்கு. எங்கள இங்கன வந்து இருக்கச் சொல்லுதீய."

அத்தனை பேர் முன்னால். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தில் திட்டாக எண்ணெய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இடுப்பிலும் அவள் நிற்கவில்லை, மீன் மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தாள். யார் கையில் கொடுத்திருந்தாலும் விழுந்திருப்பாள். நான் தேய்த்தது.

குழாயடியில் அவளையும் நுரைபோட்டுக் கழுவினேன். அவர் தூரத்திலேயே நின்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது தீவு வரை படகில் மகிழ் மட்டும் அவ்வப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா என்னவென்று தெரியவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவது தீவில் நான் இறங்கப்போவதில்லை என்று செல்வத்திடம் சொல்லிவிட்டேன். மு. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, நீ போ. இவ்வளவு தூரம் வந்துட்டு. நான் தண்ணிப் பக்கமே போவல, மணல்லயே நிக்கோம்."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. எண்ணெய் என் தப்பு என்று அவரிடம் சொல்வதற்குப் பதிலாக மகிழை அவர் கையில் கொடுத்தேன். அழுதாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

இந்தத் தடவை மாஸ்க் நின்றது. ஆனால் மூச்சு வரவில்லை, மூக்கால் இழுக்கப் பார்க்கிறேன். மேலே வந்து இருமினேன். அப்புறம் அருவிக்குள் நிற்பது ஞாபகம் வந்தது. அங்கேயும் மூக்கு உதவாது, தலையைக் குனிந்து வாயால்தானே விடுகிறோம். குனிந்தேன். வந்தது.

கீழே வேறு ஊர். மூளை மாதிரி, கோழிக்கொண்டை மாதிரி, விரல் விரலாகப் பவளம். மஞ்சள் மீன் ஒரு கூட்டம், என்னைச் சட்டை செய்யவே இல்லை. பச்சையும் ஊதாவுமாக ஒரு பெரிய மீன் பாறையைக் கடித்துத் தின்கிறது. அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது. எங்கோ சடசடவென்று கடுகு வெடிக்கிற மாதிரி விடாமல் ஒரு ஒலி. மற்றபடி என் மூச்சு மட்டும். உள்ளே, வெளியே. நான் பிடித்திருந்த மிதவையைச் செல்வம் இழுத்துக்கொண்டு போனார், போன இடமெல்லாம் போனேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகிழை மறந்திருந்தேன். அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட மறந்ததில்லை. ஞாபகம் வந்ததும் பதறித் தலையைத் தூக்கி, உப்புத்தண்ணீர் ஒரு வாய் குடித்து, கரையைத் தேடினேன்.

இரண்டு பேரும் இருந்தார்கள். சின்னதாக. அவள் முன்னால், அவர் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால். என்னைத் தேடவில்லை அவள். கடல் பக்கமே பார்க்கவில்லை. மாஸ்க்குக்குள் கண் கலங்கியது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. நிம்மதிதான், கூடவே கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

கரையேறும்போது அவள் சத்தம்: "ஏலே. இங்கன வாலே. நண்டு ஓடுது பாரு."

யாரைச் சொல்கிறாள் என்று பார்த்தேன். மு.வைத்தான். ஊரில் அவள் ஏலே போடுவது சித்தி மகனுக்கும் எதிர்வீட்டு நாய்க்குட்டிக்கும் மட்டும். தனக்கு உரிமையானவர்களுக்கு. வாங்க மாமா, போங்க மாமா எல்லாம் போயிருந்தது.

அப்பாவ அப்படிச் சொல்லக் கூடாது என்று வாய் திறந்தேன். அவர் நண்டு வளையிலிருந்து தலையைத் தூக்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுட்டி. கூப்பிடட்டும்."

பிறகு மணலில் முட்டிபோட்டு, "என்னம்மா, எங்கன ஓடுது?" என்று அவள் காட்டிய வளைக்குள் விரலை விட்டார். "கடிக்கும்லே, கையை எடு" என்று அதட்டினாள். எடுத்துவிட்டார். பிள்ளையின் அழுகையை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நிறுத்தலை, அவ அழுதுட்டே இருந்தா, நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன், நண்டு வந்துச்சு என்றார்.

திரும்பும்போது படகில் அவர் மடியில் தூங்கினாள். எண்ணெய் நான் தேய்த்ததால்தான் என்று அப்போது சொன்னேன். என்ஜின் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. "தெரியும்" என்று வாயசைத்தார். அவள் ஜாக்கெட் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 14, சனி

உடம்பெல்லாம் வலி. முதுகு எரிகிறது. அத்தை போனில் எண்ணெய் தேய்த்தீர்களா என்று கேட்டார்கள். தேய்த்தோம் அத்தை, நன்றாகத் தேய்த்தோம் என்றேன்.

இட்லிக்குப் பிறகு அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானே எடுத்தேன்.

இரண்டாம் மாடி. வெள்ளையடித்த வாசம். இரண்டு அறை, சின்ன அடுக்களை, குழாயில் தண்ணீர் வருகிறது. மருந்துக்கடை எங்கே, டாக்டர் எங்கே, கீழ்வீட்டில் யார் என்று கேட்டேன். தமிழ்க் குடும்பம்தானாம், நம் ஊருக்குப் பக்கத்துச் சுரண்டையாம். மகிழ் ஒவ்வொரு அறையாக ஓடி, எதிரொலிக்கக் கத்தினாள். முன்னறை ஜன்னல் பெரியது, திறந்தால் கடல். அழகுதான். ஆனால் தாழ. மகிழ் எம்பினால் ஏறிவிடுவாள்.

கையை விரித்து ஜன்னலின் அகலத்தை அளந்தேன்.

"இதுக்குக் கம்பி போடணும்" என்றேன். "இவ தலை நுழையாத அளவுக்கு, நெருக்கமா."

அவர் அளக்க டேப் எடுத்து வருகிறேன் என்று ஓடினார். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம்.