நாற்காலிக்கு அடியில் இரண்டு பொட்டு

விரலில் பெயிண்ட் கறையோடு சோற்றில் கை வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் அப்பாவுக்கு,

பயமாக இருக்கிறது அப்பா. நாளை உங்கள் கூட்டாளி சின்னையா மாமா கடைக்கு வருகிறார். அவருடைய பங்குக்கு நான் விலை சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பீடோங் கடையில் டீயைக்கூடத் தொடாமல் சொன்னார். "முட்டி போச்சு பாப்பா. லோரில ஏற முடியல. பந்தல், நாற்காலி வாடகை எல்லாம் இனி நீயே எடுத்து நடத்து லா. என் பங்குக்கு என்ன வெலன்னு நீயே சொல்லு."

நீயே சொல்லு என்றால் எப்படிச் சொல்வது? அவரே ஒரு தொகை கேட்டிருந்தால் கெஞ்சியாவது குறைத்திருப்பேன். கூடச் சொன்னால் கடன் வாங்க வேண்டும். குறைத்துச் சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு மொத்தத்தையும் சுங்கைப் பட்டாணியில் யாருக்காவது விற்றுவிட்டால்? விற்க முடியும். லைசன்ஸ், லோரி எல்லாமே அவர் பெயரில்தான். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.யை வைத்துக்கொண்டு ஆபிஸ் ஆபிஸாக அலைய முடியாது என்று நீங்கள்தானே, "உன் பேருலயே போட்டுடு சின்னையா" என்றீர்கள்? ஒரு துண்டுக் காகிதமாவது எழுதி வாங்கியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"எல்லாம் பழைய சாமான்னு சொல்லு. பாதி நாற்காலி ரோசாக்குன்னு எழுதிடு. அவரு வந்து எண்ணவா போறாரு?" என்றார் உங்கள் மருமகன்.

எழுதினேன் அப்பா. பந்தல் துணி கிழிசல், நாற்காலி பாதி உடைசல் என்று என் கையாலேயே எழுதினேன். பொய் எழுதியதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. மாமா ஏதாவது கேட்டால் உளறக் கூடாதே என்று இன்று மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன்.

எனக்கு போன் எடுப்பதும் புக்கிங் எழுதுவதும்தான் வேலை. ஸ்டோர் பக்கம் போனதே குறைவு. பழைய நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். நீங்கள் காசு போட்டு வாங்கியதில் நீலப் பெயிண்ட் பொட்டு, மாமா வாங்கியதில் சிவப்பு, சேர்ந்து வாங்கியதில் இரண்டும். நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஒரே பத்திரம் அதுதான்.

பிறகு புது நாற்காலிகள். உங்கள் காரியம் முடிந்து நான் வெறுங்கையோடு நின்ற சமயத்தில் மாமா தன் காசில் இறக்கியவை. உங்கள் வழக்கப்படி சிவப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் இருந்தது. நான் உடைசல் என்று எழுதியதில் அவையும் சேர்த்தி.

அங்கேயே நின்று மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, நீங்க வாங்கின நாற்காலில எதுக்கு அப்பாவோட பொட்டு?"

"பின்ன? அவன் போயிட்டா கூட்டு போயிடுமா? நீ இருக்க லா." கூடவே, "வெல யோசிச்சியா பாப்பா? முட்டி ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க, அதான் கேட்டேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. அவரும் இத்தனை நாள் நான் என்ன விலை சொல்வேனோ என்று பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வெட்கமாக இருக்கிறது அப்பா. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை. நியாயமான விலை கொடுக்க என்னிடம் பணம் இல்லை. தவணை கேட்கலாமா? ஆபரேஷனை வைத்துக்கொண்டு அவர் எத்தனை மாதம் பொறுப்பார்? நீங்களாக இருந்தால் பேச்சை எங்கிருந்து தொடங்குவீர்கள்?

நாளை உள்ளதைச் சொல்வேன். புது நாற்காலி அத்தனையும் மாமாவின் காசு என்றே விலையில் சேர்ப்பேன். ஆபரேஷனுக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மீதிக்குத் தவணை கேட்பேன், கடன் வாங்கியாவது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகும், நான் வாங்கும் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு இருக்கும். இது சத்தியம் அப்பா. வரும் வழியில் சிவப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளி மகள்,
கலா