எட்டு ஓட்டை

மாட்டுங்கா, பம்பாய்
12-8-67

நாணு, என் செல்லமே, அம்மாவோட ஆசீர்வாதம். நானும் உன் தங்கை ருக்குவும் சௌக்கியம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுண்டு உடம்பைப் பார்த்துண்டு இருக்கேன்னு நம்பிண்டு எழுதறேன். மழை விடவே இல்லை, துணி ஒண்ணும் காயலை. அப்பா போய் மூணு மாசம் ஆயிடுத்து, இன்னமும் சாயங்காலம் காப்பிக்கு அவர் டம்ளரையும் சேர்த்து எடுத்துடறேன், ருக்கு அதை எடுத்து உள்ளே வெச்சுடறா.

தை மாசம் நீ அப்பாவுக்கு எழுதினயே, ஆபீஸ் கணக்கையெல்லாம் கார்டுல ஓட்டையாப் போடற வேலையெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான், அங்கே கம்ப்யூட்டர் டேப்புக்கு மாறிண்டிருக்குன்னு, அதை ரெண்டு நாள் திருப்பித் திருப்பிப் படிச்சார். இருபது வருஷம் கார்டு செக்ஷன்லயே இருந்தவராச்சே. அப்புறம், கையில எடுத்துப் பார்க்க முடியாத கணக்கை எவன்டி நம்புவான், உன் பிள்ளைக்கு அமெரிக்காக் காத்து அடிச்சுடுத்துன்னு சிரிச்சார். ஆனா உனக்குப் பதில் போடலை. அதுதான் உன் மனசை அறுக்கறதுன்னு எழுதியிருக்கே. நீ சின்னவனா இருக்கறச்சே அவர் சட்டைப் பையை உதறினா ஓட்டைத் துணுக்கா கொட்டும், நீயும் ருக்குவும் பொறுக்கிக் கொலுப் பொம்மைக்கெல்லாம் அட்சதை போடுவேள். அவர் கொண்டுவந்த, தப்பா ஓட்டை விழுந்து கெட்டுப்போன கார்டு பின்னாலதானே நான் இன்னிவரைக்கும் கடைச் சாமான் எழுதறேன்.

போன வாரம் அந்தக் கார்டு டப்பாவிலேர்ந்து ஒண்ணை எடுத்துக் காப்பிக்கொட்டை, பெருங்காயம்னு எழுதிண்டு கிங்ஸ் சர்க்கிள் கடைக்குப் போனேன். கடையில திருப்பிப் பார்த்தா, மத்தது மாதிரி சல்லடையா இல்லை, ஓரத்துல எட்டே ஓட்டை. ருக்குவைக் கேட்டா, அப்பா கடைசியா ஆபீஸுக்குப் போட்டுண்டு போன சட்டையில இருந்ததும்மா, கெட்ட கார்டுன்னு டப்பாவில போட்டுட்டேன்னு அழறா. அவர் ஆபீஸ் சுந்தரராமன் வந்தப்போ காட்டினேன். ஒரு எழுத்துக்கு ரெண்டு ஓட்டை மாமின்னு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, என், ஏ, என், யூன்னு வாசிச்சார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு வரும்டா நாணு.

கார்டெல்லாம் போயிடுமான்னும் கேட்டேன். எங்க ஆபீஸுக்கும் கம்ப்யூட்டர் வரப்போறது மாமி, ஆனா அதுக்கும் சாப்பாடு கார்டுதான்னார். நீயும் அப்பாவும் சொன்னது பாதிப்பாதி நிஜம் போலிருக்கு. நீ மனசை வருத்திக்காதே. கோபம்னா அப்பா உன்னை அனந்தநாராயணான்னு முழுப்பேர் சொல்லித்தானே கூப்பிடுவார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கோ, குளிருக்கு முன்னாடி கம்பளிச் சட்டை வாங்கிக்கோ. நூறு வயசு நன்னா இரு. கார்டை இதோட வெச்சிருக்கேன், பின்னால பெருங்காயம்னு கிறுக்கியிருக்கறதைப் பார்த்துச் சிரிக்காதே, மடிக்காம வெச்சுக்கோ.

உன்னையே நினைச்சுண்டிருக்கிற
அம்மா விசாலாக்ஷி

சொல்ல விட்டுப்போச்சு. ஒரு கார்டுக்கு எண்பது எழுத்துன்னார் சுந்தரராமன், அந்தக் கார்டுல இன்னும் எழுபத்தாறு எழுத்துக்கு இடம் காலியா இருக்காம். அதுல அப்பா உன்கிட்ட என்ன சொல்ல வந்திருப்பார்டா?