ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள்தூள்

ஆஸ்டின் டவுன்
12-3-1994

அம்மாவுக்குச் செல்லக்கிளி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

முதலாளியின் பழைய அம்பாசடர் தண்ணீர் ஒழுகி, சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் கிளெமென்ட் ரேடியேட்டரைக் கழற்றினார்.

"ஒழுகல் நிக்க எவன் சார் மஞ்சத்தூள் கொட்டினது? உள்ள பூரா அடைச்சிருக்கு."

"செத்தானே டிரைவர், அந்த முட்டாள்தான்" என்றார் முதலாளி.

என் வீட்டுக்காரரைத்தான் சொன்னார், அம்மா. புது ரேடியேட்டர் எதற்கு, மஞ்சளைப் போடு என்று அன்றைக்குச் சொன்னதே முதலாளிதான். சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

"உன் புருஷன் வேலைதானே?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றால், நான் இன்னும் குடியிருக்கும் டிரைவர் அறையைக் காலி செய்யச் சொல்வார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

"வண்டியையும் கூட்டிக்கிட்டுப் போகப் பாத்திருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் திதிக்கு நான் வரவில்லை; நீயே படையல் போட்டுவிடு. எனக்கு லீவு தரவில்லை என்று மாமியாரிடம் சொல்.

முதலாளியம்மா கூப்பிடுகிறாள்.

செல்லக்கிளி